மூடி வைத்த கிணறு

மயிலாப்பூர் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் ஓட்டல்களுக்கும் வங்கிகளுக்கும் நடுவே ஒரு கட்டடத்தில் ஹார்டி எக்ஸ்ப்ளோரேஷன் என்ற எண்ணெய் நிறுவனத்தின் அலுவலகம் பல ஆண்டுகள் இயங்கியது. 2007 ஜனவரியில் இந்த நிறுவனம் காவிரிப் படுகையின் கடல்பகுதியில், சி.ஒய்-ஓ.எஸ்/2 என்ற தொகுதியில், கணேசா-1 என்ற கிணற்றைத் துளைத்து ஹைட்ரோகார்பன் இருப்பதைக் கண்டது. தொகுதியில் முக்கால் பங்கு ஹார்டிக்கு, கால் பங்கு கெயிலுக்கு. கண்டுபிடித்தாயிற்று, இனி எடுத்து விற்க வேண்டியதுதானே என்று தோன்றும். நடந்தது வேறு. கிணற்றில் இருப்பது கச்சா எண்ணெயா, எரிவாயுவா என்று அரசுக்கும் நிறுவனத்துக்கும் தகராறு வந்தது. ஒப்பந்தப்படி எண்ணெய் என்றால், எடுப்பது கட்டுபடியாகுமா என்று முடிவு சொல்ல 24 மாதம். எரிவாயு என்றால் 60 மாதம். எண்ணெய்தான், கெடு முடிந்துவிட்டது, தொகுதியைத் திருப்பிக் கொடு என்றது அரசு. எரிவாயு, எங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது என்றது நிறுவனம். கோலாலம்பூரில் அமர்ந்த நடுவர் மன்றம் 2013-இல் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை எதிர்த்து இந்திய நீதிமன்றத்துக்குப் போக முடியுமா என்ற கேள்வியில் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு ஹார்டி வழக்கு என்றால் நடுவர் மன்றத்தின் இருப்பிடம் பற்றிய வழக்கு. கிணற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அந்த வழக்கின் அடியில் கிடப்பது ஓர் இயற்பியல் கேள்வி. எரிவாயுவுக்கு மட்டும் ஏன் இரண்டரை மடங்கு காலம்? ஒப்பந்தம் எழுதியவர்கள் தாராள மனத்தோடு எழுதியதல்ல அது. புதிதாகத் துளைத்த எரிவாயுக் கிணறு உற்பத்திக்கு வரும்வரை ஆகும் காத்திருப்பை நாம் பொதுவாகச் சோம்பலாக, சிவப்பு நாடாவாக, அல்லது கெட்ட எண்ணமாகப் பார்க்கிறோம். இவை மூன்றும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் காத்திருப்பின் ஒரு பகுதி அளவீடு. நிலத்தடியில் எவ்வளவு இருக்கிறது என்பதை அளக்கும் கருவிகளில் முக்கியமானது கடந்துபோகும் நேரமே. அந்தப் பகுதியைப் பணத்தாலோ அதிகாரத்தாலோ சுருக்க முடியாது. சுருக்கியவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதற்கு இந்தியக் கிழக்குக் கடற்கரையிலேயே சான்று இருக்கிறது.

முதலில் எண்ணெயா வாயுவா என்ற கேள்வி. மேலே வருவதைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்றால், தெரியாது. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல ஏறத்தாழ 300 மடங்கு. வெப்பம் நீரின் கொதிநிலையைத் தொட்டும் தாண்டியும் இருக்கும். அங்கே மீத்தேனும் அதைவிடக் கனமான ஹைட்ரோகார்பன்களும் ஒரே வாயுவாகக் கலந்து கிடக்கலாம். அதே கலவை குழாய் வழியே ஏறி, அழுத்தமும் வெப்பமும் குறையும்போது, கனமானவை திரவமாகப் பிரிந்துவிடும். மேலே நிற்பவர் பார்ப்பது வாயுவையும் திரவத்தையும் சேர்த்துத்தான். எண்ணெயில் கரைந்திருந்த வாயு வழியில் பிரிந்து வந்தாலும் மேலே அதே காட்சிதான். இரண்டையும் வேறுபடுத்த, திரவத்துக்கும் வாயுவுக்கும் உள்ள விகிதத்தை நிலையான ஓட்டத்தில் அளக்க வேண்டும். அடியிலிருந்து அழுத்தம் குலையாமல் மாதிரி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் பழைய அழுத்தத்துக்குக் கொண்டுபோய், மெல்லத் தளர்த்திப் பார்க்க வேண்டும். இதில் இன்னொரு வினோதம் உண்டு. சாதாரணமாக அழுத்தம் குறைந்தால் திரவம் ஆவியாகும் என்றுதான் படித்திருக்கிறோம். இத்தகைய கலவைகளில் அழுத்தம் குறையும்போது வாயு திரவமாகிறது. கிணற்றை அவசரமாகத் திறந்துவிட்டால் அந்தத் திரவம் கிணற்றடிப் பாறையின் நுண்துளைகளிலேயே தங்கி, பின்னால் வரும் வாயுவுக்கு வழியை அடைத்துவிடும். கணேசா வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம். அப்படி ஒரு தகராறு வரக்கூடியதே என்பதை மட்டும் இயற்பியல் ஒப்புக்கொள்ளும்.

துளைத்தபின் நடக்கும் மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துளைக்குள் இரும்புக் கேசிங் இறக்கி, அதைச் சுற்றி சிமென்ட் ஊற்றி, இறுகும்வரை விட்டு, வாயு இருக்கும் மட்டத்தில் சிறு வெடிகளால் துளையிட்டு, உள்ளே உற்பத்திக் குழாயைத் தொங்கவிட்டு, மேலே வால்வுகளின் அடுக்கைப் பொருத்துவார்கள். அந்த அடுக்குக்குத் தொழிலில் கிறிஸ்துமஸ் மரம் என்று பெயர். இதெல்லாம் சில வாரங்களில் முடிகிற கைவேலை. இதற்கு அப்புறம் வருவதுதான் கைவேலையால் முடியாதது.

தென்சென்னையில் பழைய வீட்டுக் கிணறுகளைத் தூர் வாருகிறவர்கள் செய்யும் ஒரு சோதனை நமக்குத் தெரியும். தண்ணீரை இறைத்துக் குறைத்துவிட்டு, நிறுத்திவிட்டு, எவ்வளவு நேரத்தில் பழைய மட்டத்துக்கு ஊறுகிறது என்று பார்ப்பார்கள். அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கத்து மணலில் ஊற்று விறுவிறுவென்று ஏறும். களிமண் இருக்கும் இடத்தில் மெதுவாக ஏறும். இது வெறும் உவமை அல்ல. எரிவாயுக் கிணற்றைச் சோதிக்கும் கணிதம் தண்ணீர்க் கிணற்றிலிருந்தே வந்தது. அமெரிக்க நிலவியல் அளவாய்வுத் துறையில் இருந்த சார்லஸ் தீஸ் 1935-இல், கிணற்றில் நீர்மட்டம் இறங்குவதையும் ஏறுவதையும் உலோகத் தகட்டில் வெப்பம் பரவுவதற்கான சமன்பாட்டைக் கொண்டே விளக்கினார். 1951-இல் ஹேக் நகரில் நடந்த உலகப் பெட்ரோலிய மாநாட்டில் ஹார்னர் என்பவர் அதே கருத்தை எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குப் பொருத்தினார். கிணற்றைச் சில மணி நேரமோ சில நாளோ ஓடவிடுங்கள், பிறகு மூடுங்கள், அடியில் வைத்த மானியில் அழுத்தம் ஏறுவதைக் குறித்துக்கொண்டே இருங்கள். அந்த ஏற்றத்தின் வடிவத்திலேயே பாறையின் ஊடுருவுதிறனும், சுற்றுச்சுவர் எங்கே இருக்கிறது என்பதும், தொடக்க அழுத்தம் எவ்வளவு என்பதும் எழுதப்பட்டிருக்கும். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் பொறியாளர்கள் இந்த வரைபடத்தை ஹார்னர் பெயரால்தான் சொல்கிறார்கள்.

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு. கிணற்றை மூடியதும் கிளம்பும் அழுத்தச் செய்தி பாறைக்குள் ஒலியைப் போல நேராக ஓடாது. வெப்பத்தைப் போலக் கசிந்து பரவும். பரவல் என்றால் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இரண்டு மடங்கு தொலைவு தெரிய நான்கு மடங்கு நேரம் வேண்டும். பத்து மடங்கு தொலைவுக்கு நூறு மடங்கு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நுண்துளைகள் பத்தில் ஒரு பங்கு, அழுத்தம் வளிமண்டலத்தின் 200 மடங்கு, ஊடுருவுதிறன் ஒரு மில்லிடார்சி என்று இறுக்கமான மணற்பாறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் சோதனையில் கிணற்றைச் சுற்றி ஏறத்தாழ 60 மீட்டர் தெரியும். நான்கு நாளில் 120 மீட்டர். ஒரு கிலோமீட்டர் தொலைவில் பாறை முடிகிறதா தொடர்கிறதா என்று அறிய எட்டு மாதத்துக்கும் மேல் ஆகும். ஊடுருவுதிறன் பத்து மடங்கு இருக்கும் நல்ல பாறையில்கூட அதே ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ நான்கு வாரம். ஒரு நாள் சோதனையை வைத்து முழுத் தேக்கமும் இத்தனை டிரில்லியன் கனஅடி என்று அறிவிப்பவர், 60 மீட்டரைப் பார்த்துவிட்டு மீதியை நில அதிர்வு அலைப் படத்திலிருந்து ஊகிக்கிறார். ஊகம் தவறல்ல, அலைப்படமும் நல்ல கருவியே. அது பாறையின் வடிவத்தைக் காட்டும். அந்த வடிவத்துக்குள் எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புகொண்டு இருக்கிறதா, களிமண் சுவர்களால் தனித்தனி அறைகளாகப் பிரிந்து கிடக்கிறதா என்பதை மூடிய கிணற்றின் அழுத்தம்தான் சொல்லும்.

மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகர் போகும் வழியில், ஆழ்வார்பேட்டை செயின்ட் மேரீஸ் சாலையில் அலுவலகம் வைத்திருக்கும் ஹிந்துஸ்தான் ஆயில் எக்ஸ்ப்ளோரேஷன் நிறுவனத்தின் பி.ஒய்-1 வயல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காவிரிப் படுகைக் கடலில் 1980-இலேயே ஓ.என்.ஜி.சி. கண்டுபிடித்த வயல் அது. பின்னர் கைமாறி, மேடை அமைத்து, கரைக்குக் குழாய் போட்டு, 2009 இறுதியில்தான் வாயு வந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காத்திருப்பு. ஆனால் எதிர்பார்த்த அளவு நிலைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே இருப்பு மதிப்பீட்டை வெகுவாகக் குறைக்க நேர்ந்தது. காரணம் பாறையின் குணத்தில் இருக்கிறது. அங்கே வாயு மணற்பாறையில் இல்லை. அடித்தளக் கிரானைட்டின் வெடிப்புகளில் இருக்கிறது. வெடிப்பு என்பது அகலமான வழி. கிணறு அதைத் தொட்டதும் வாயு பாய்ந்து வரும். சோதனை நாளில் எண்கள் மகிழ்ச்சி தரும். ஆனால் வெடிப்புக்கு வழி உண்டு, கொள்ளளவு குறைவு. அதற்குப் பின்னால் வாயுவைத் தரக்கூடிய நுண்துளைகள் இருக்கின்றனவா என்பது நீண்ட நாள் கழித்தே அழுத்த வரைபடத்தில் ஒரு வளைவாகத் தெரியும். குறுகிய சோதனை இப்படிப்பட்ட பாறையில் பொய் சொல்லாது; பாதி உண்மையைச் சொல்லும். கிரானைட் என்றாலே ஏமாற்றம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வியட்நாமின் பாக் ஹோ வயல் இதே போன்ற வெடித்த கிரானைட்டிலிருந்து பல ஆண்டுகள் ஏராளமாக எண்ணெய் தந்தது. வெடிப்புகளின் வலை எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் துளைத்த அன்று கிடைப்பதில்லை.

இந்த இடத்தில் கூர்மையான வாசகர் ஒரு மறுப்பை எழுப்புவார். முப்பது ஆண்டு காத்திருந்தும் பி.ஒய்-1 ஏமாற்றியதே, அப்படியானால் காத்திருப்பால் என்ன பயன்? கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் கே.ஜி.டி-6 தொகுதியும் இதையே சொல்கிறது. 2002-இல் கண்டுபிடிப்பு, 2009 ஏப்ரலில் எரிவாயு உற்பத்தி. இடையில் ஏழு ஆண்டு. ஆனாலும் ஒரு நாளைக்கு 8 கோடி கனமீட்டர் தரும் என்று திட்டமிட்ட வயல் 2010-இல் 6 கோடியைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கியது. வாயுவுக்காக முதலில் திறந்த டி-1, டி-3 வயல்கள் 2020-இல் முழுவதுமாக நின்றன. தொகுதியை நடத்திய ரிலையன்ஸ் நிலவியலின் சிக்கலைக் காரணம் காட்டியது. திட்டமிட்ட எண்ணிக்கையில் கிணறுகள் துளைக்கவில்லை என்றது அரசு. அதுவும் நடுவர் மன்றத்துக்குப் போனது. மறுப்பு வலுவானது, ஆனால் அது நாள்காட்டியில் கழிந்த காலத்தையும் கிணற்றில் கழிந்த காலத்தையும் ஒன்றாக்கிவிடுகிறது. அந்த ஏழு ஆண்டில் பெரும்பகுதி பொறியியலுக்கும் அனுமதிகளுக்கும் கட்டுமானத்துக்கும் போனது. ஆழ்கடலில் துளைக்கும் ரிக்கின் ஒரு நாள் வாடகை பல லட்சம் டாலர். அங்கே ஒரு கிணற்றை மாதக்கணக்கில் திறந்து மூடிப் பார்க்க எந்த நிறுவனமும் மனம் துணியாது. கடிகாரம் ஓடியது, அழுத்தமானி ஓடவில்லை. பி.ஒய்-1-க்கும் இதே பதில்தான்: முப்பது ஆண்டில் மிகுதியும் வயல் கேட்பாரற்றுக் கிடந்த காலம்.

அளக்காமல் அறிவித்ததற்கு இன்னும் பச்சையான உதாரணமும் அதே படுகையில் உண்டு. குஜராத் அரசின் பெட்ரோலிய நிறுவனத்துடைய தீன்தயாள் வயலில் 20 டிரில்லியன் கனஅடி வாயு இருப்பதாக 2005-இல் அறிவிப்பு வந்தது. 2009-இல் அதன் மேற்குப் பகுதிக்கு ஒப்புதல் பெற்ற வளர்ச்சித் திட்டத்தில் அந்த எண் 2 டிரில்லியனுக்கும் கீழே இருந்தது. பெரும் கடனில் சிக்கிய நிறுவனம் கடைசியில் 2017-இல் தன் பங்கை ஓ.என்.ஜி.சி.க்கு விற்றது. இதில் நிறுவனத்தின் நஷ்டம் அதன் பங்குதாரர்களோடு நிற்பதில்லை. கே.ஜி.டி-6 வாயு வந்துவிடும் என்று நம்பி ஆந்திரத்திலும் பிற இடங்களிலும் எரிவாயு மின்நிலையங்கள் கட்டினார்கள். 2015-இல் மத்திய அரசு மீட்புத் திட்டம் கொண்டுவந்தபோது நாட்டில் வாயு கிடைக்காமல் நின்றிருந்த நிலையங்களின் திறன் 14,000 மெகாவாட்டுக்கும் மேல். கிணற்றடியில் அளக்காமல் விட்டதன் கணக்கை வங்கிகளும் மின்வாரியங்களும் தீர்த்தன.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது. இதற்கு நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். உற்பத்தியைத் தொடங்கிவிட்டு, எடுத்துக்கொண்டே கற்றுக்கொள்ளலாமே? எரிவாயுவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எடுத்த அளவையும் குறைந்த அழுத்தத்தையும் வரைபடத்தில் குறித்தால், மூடிய தேக்கமாக இருக்கும் பட்சத்தில், புள்ளிகள் நேர்கோட்டில் விழும். கோட்டை நீட்டினால் மொத்த இருப்பு தெரிந்துவிடும். தேக்கத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை எடுத்தபிறகு இந்தக் கோட்டை நம்பலாம். ஆகவே உற்பத்தியே சிறந்த சோதனை என்பது உண்மை. ஆனால் எண்ணெயை லாரியில் ஏற்றி அனுப்பலாம். வாயுவை அப்படிப் பெருமளவில் அனுப்ப முடியாது. குழாய் வேண்டும். குழாயின் விட்டத்தை முதல் நாளே தீர்மானிக்க வேண்டும், அதற்கு இருப்பு தெரிய வேண்டும். குழாய் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் இந்த வட்டம் உடைகிறது. காவிரி டெல்டாவில் அதுதான் நடந்தது. நரிமணம், குத்தாலம், கோவில்களப்பால் பகுதிகளில் சேகரிப்பு நிலையங்கள் வந்தபிறகு, அக்கம்பக்கத்தில் துளைத்த புதுக் கிணற்றைச் சீக்கிரம் இணைத்துவிட முடிந்தது. தமிழ்நாடு மின்வாரியம் கோவில்களப்பால் வாயுவை நம்பித் திருமாக்கோட்டையிலும், குத்தாலத்திலும், ராமநாதபுரம் வழுதூரிலும் வாயு மின்நிலையங்களை வயல்களுக்கு அருகிலேயே அமைத்தது. சென்னைக்கு அந்த வாயு வந்ததில்லை. மின்சாரமாகக் கம்பி வழியாகத்தான் வந்தது. மயிலாப்பூர் அடுக்களைக்கோ அடையாறு ஓட்டலுக்கோ குழாய் எரிவாயு வருமானால், எண்ணூரில் 2019-இல் திறந்த முனையத்தில் கப்பலிலிருந்து இறங்கும் திரவ வாயுவே அதற்கு மூலம். கத்தாரிலோ வேறெங்கோ யாரோ காத்திருந்து அளந்து முடித்த கிணறுகளின் வாயு அது.

சோதனையின்போது வாயுவை எரித்துத் தள்ளுகிறார்களே, நீண்ட சோதனை என்றால் இன்னும் அதிகமாக எரிப்பார்களே என்று சுற்றுச்சூழல் அக்கறை உள்ளவர்கள் கேட்கலாம். எரிவது கிணறு ஓடும் நேரத்தில் மட்டும். தகவல் கூடுவது மூடியிருக்கும் நேரத்தில். சிறிது ஓடவிட்டு, நெடுநாள் மூடிவைத்து, அடியில் மானியை விட்டுவைத்தால், எரிப்பு கூடாமலே பார்வை தூரம் போகும். இப்போது கிணற்றடியிலேயே நிரந்தரமாகப் பொருத்தும் மானிகள் இருக்கின்றன. ரிக் வேறிடம் போனபின்னும் அவை அழுத்தத்தைப் பதிந்துகொண்டிருக்கும்.

ஆனால் இந்த வாதத்தைக் கேட்டு மகிழக்கூடியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது கேடயமாகிவிடக் கூடாது. எல்லாக் காத்திருப்பும் அளவீடு அல்ல. காவிரிக் கடலில் 1997 முதல் எண்ணெய் தந்த பி.ஒய்-3 வயல் 2011 ஜூலையில் நின்றது. மிதவை உற்பத்தி அமைப்பின் ஒப்பந்தம் முடிந்ததும், பங்குதாரர் நால்வருக்குள் அடுத்தது என்ன என்பதில் உடன்பாடு எட்டாமல் ஆண்டுகள் உருண்டன. அங்கே பாறை எதையும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கரையில் இத்தகைய காத்திருப்பின் சுமை இன்னும் வெளிப்படையானது. புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் ஓ.என்.ஜி.சி. குத்தகை நிலத்தில் துளைத்து மூடிவிட்ட கிணறுகள் இருந்தன. சிறு வயல்கள் என்ற பெயரில் அந்தப் பகுதி ஏலத்தில் ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போனபோது, 2017-இல் ஊரே திரண்டு போராடியது. அதே ஆண்டு கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து போராட்டம் வெடித்தது. 2020-இல் தமிழக அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றி, புதிதாக எண்ணெய், எரிவாயு துளைப்பதைத் தடைசெய்தது. ஏற்கெனவே நடந்துவந்த பணிகளை அது தொடவில்லை.

அந்த ஊர்களின் கோபத்தை அறிவியலறியாமை என்று ஒதுக்குவது எளிது, அது சரியல்ல. மூடிய கிணறு அளந்துகொண்டிருக்கிறது என்றால் அதில் மானி இருக்க வேண்டும், அந்த மானியின் எண்கள் எங்காவது பதிவாக வேண்டும், அது எவ்வளவு தூரம் பார்த்தது என்று நிலத்துக்காரருக்குச் சொல்ல முடிய வேண்டும். இந்தியாவில் துளைப்புத் தரவுகளைச் சேர்த்து வைக்க 2017 முதல் தேசியத் தரவுக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. அங்கே சேரும் தகவலில், ஒவ்வொரு கிணறும் எத்தனை மணி நேரம் மூடிவைத்துச் சோதிக்கப்பட்டது, எந்த ஆரம் வரை பார்க்கப்பட்டது என்ற இரண்டு எண்களை மக்கள் பார்வைக்கு வைப்பதில் வணிக ரகசியம் பெரிதாகப் போய்விடாது. கண்டுபிடிப்பை அறிவிக்கும் அமைச்சரும் நிறுவனமும் டிரில்லியன் கணக்கோடு சேர்த்து இந்த இரண்டையும் சொல்லும்படி செய்தால், பத்திரிகைகளும் பங்குச் சந்தையும் அந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்று தாமே கண்டுகொள்ளும். மானியும் இல்லாமல் குழாயும் வராமல் வெறும் வால்வோடு நிற்கும் கிணற்றுக்கு வேறு வழி உண்டு. அடியிலிருந்து சிமென்ட் அடைத்து, கேசிங்கின் தலையைத் தரைக்குக் கீழே வெட்டி, மேல்மண் பரப்பி நிலத்தை ஒப்படைக்கலாம். அதற்கு ஒரு ரிக்கும் சில நாட்களும் போதும்.